ஹெஸ்டர் பின்னக்கைப் பற்றி ஒரு வரி

மணி நாலுதான். ஆனால் நவம்பர் மாதம்... இங்கிலாந்தில் மார்ல்பரோவிலிருந்து டிவைசஸ் ஊருக்குப் போகும் மேட்டுச் சாலையில் அதற்குள் இருட்டிவிட்டது. மூடுபனி. சுண்ணாம்புத் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. என் தோழி தாம்சினின் தாய்மாமா ஆம்ப்ரோஸ் கோக்கர் அந்தச் சாலையில் குதிரைமேல் தனியாக வந்துகொண்டிருந்தார்.

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள். சத்தமாகச் சொல்ல எனக்கு வராது.

கோக்கர் பெரிய மனிதர்களின் வாழ்க்கையை எழுதுகிறவர். பிஷப்புகள், கணித மேதைகள், வைத்தியர்கள். பேர்பெற்ற யாராவது இறந்தால் அந்த வீட்டுக்குப் போவார். வேலைக்காரர்களுக்கு பீர் வாங்கிக் கொடுப்பார். கண் என்ன நிறம், காலையில் என்ன குடிப்பார், கடைசி எப்படி... எல்லாம் கேட்பார். ஒருவர் மட்டும் சொன்னதை நம்ப மாட்டார். அந்த வரியின் ஓரத்தில் 'விசாரிக்க' என்று குறித்துவைப்பார். இன்னொருவரைக் கேட்ட பிறகுதான் அச்சுக்குக் கொடுப்பார்.

டாக்டர் பின்னக் இறந்தபோது மட்டும் அதைச் செய்யவில்லை.

டாக்டரின் தம்பி ஒரு விடுதியில் குடித்துக்கொண்டே சொன்னான், அண்ணி ஹெஸ்டர்தான் பாலில் எதையோ கலந்து கொடுத்தாள் என்று. சொத்து அவளுக்குப் போன ஆத்திரம் அவனுக்கு. கோக்கருக்கும் அது தெரியும். ஆனாலும் அந்த ஒரு வரியால் பக்கமே உயிர்பெற்றது. லண்டனில் அச்சானது.

ஊரில் ரொட்டிக்காரன் அவளைக் கண்டு கதவை அடைத்தான். சர்ச்சில் அவள் உட்கார்ந்த பலகையில் வேறு யாரும் உட்காரவில்லை. ஒருநாள் நடந்தே கோக்கர் வீட்டுக்கு வந்தாள்.

"அந்த வரிய எடுத்துடுங்க ஐயா."

"அச்சாயிடுச்சும்மா. இனிமே என்ன பண்றது?"

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

அந்தக் குளிர்காலத்தில் மாவு ஆலைக் குளத்தில் பிணமாகக் கிடந்தாள். தானாக விழுந்தாள் என்றார்கள்.

மறு வருடம்தான் இந்தச் சாலை, இந்த மூடுபனி...

குதிரை நின்றது. காய்ச்சின பால் வாசனை. அதற்கு அடியில் குளத்துச் சேறு. பின்னாலிருந்து சளப்... சளப்... ஈரப் பாவாடை காலில் அடிக்கிற சத்தம். அது பக்கத்தில் வந்தது. குதிரை தானாக நடந்தது. அதுவும் கூடவே நடந்தது.

"வாழ்க்கை எழுதற ஐயாதானே? உங்க கண்ணு என்ன நிறம்?"

"சாம்பல்," என்றது அவர் வாய். அடக்க முடியவில்லை.

"காலையில என்ன குடிப்பீங்க?"

அதையும் சொன்னார்.

"கடைசி எப்படி?"

"நான் இன்னும் சாகலையே..."

"பரவால்ல. அக்கம்பக்கத்துல கேட்டுக்கறேன்."

சளப்... சளப்... சத்தம் அவரைத் தாண்டி முன்னால் போனது. ஊர்ப் பக்கமாக.

மறுநாள் காலை லாயக்காரன் அவரை ஒரு மாதிரி பார்த்தான். "பெரிய மனுஷங்க கதையெல்லாம் எழுதுனீங்க. உங்க கதை அத்தனையையும் தூக்கி அடிச்சிடும் போலிருக்கே ஐயா."

என்ன கதை என்று கேட்டார். ஹெஸ்டரைக் குளத்தில் தள்ளியதே அவர்தானாம். லாயக்காரன் கண்ணால் பார்த்தானாம். பாதிரியார் அலறல் கேட்டாராம். கோக்கர் வீட்டுக்கு ஓடினார். அவள் இறந்த வாரம் முழுக்க அவர் காய்ச்சலில் கிடந்தார். மனைவி மார்ஜரிக்குத் தெரியும். அவள் ஒருத்தி சொன்னால் போதும்.

"அன்னிக்கு ராத்திரி நீங்க நனைச்சுட்டு வந்த காலுறைய நான்தானே அடுப்புகிட்ட காயப்போட்டேன்," என்றாள் மார்ஜரி. "மறந்துட்டீங்களா?"

நீதிபதி ஒவ்வொருவராக விசாரித்தார். பொறுமையாக, ஒருவரையும் விடாமல். யாரும் ஒரு சொல் மாற்றிச் சொல்லவில்லை. வசந்தம் பிறந்ததும் கோக்கரைத் தூக்கிலிட்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் தாம்சின் அத்தையைப் பார்க்கப் போனாள். மார்ஜரி அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

"அவருக்கு அந்த வாரம் பூரா காய்ச்சல்டி," என்றாள் மெதுவாக. "நான்தான் கஞ்சி ஊட்டுனேன். படுக்கைய விட்டு எந்திரிக்கவே இல்ல."

"அப்ப ஏன் அத்தை அப்படிச் சொன்னீங்க?"

மார்ஜரி அடுப்புப் பக்கம் கையை நீட்டினாள்.

ஆணியில் ஒரு ஜோடி ஆண் காலுறை தொங்கியது. கீழே நெருப்பு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. தாம்சின் தொட்டுப் பார்த்தாள்... சில்லென்று இருந்தது. விரலில் பாசி ஒட்டியது.

தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.