எண்ட்ரேயின் கடைசி வேலைநாள்

காப்பி நன்றாக இருக்கிறது, ஐயா. எங்கள் ஆய்வகத்தில் கிடைப்பது கழுநீர்தான். பத்தொன்பது வருடமாக நானும் எண்ட்ரேயும் அதைத் திட்டிக்கொண்டே குடித்தோம்.

எங்கள் வேலை வேறொன்றுமில்லை. டெல்லூரியம் கலந்த கண்ணாடித் துண்டின்மேல் நைட்ரஜன் அயனிகளை முடுக்கி அடிப்போம். அவை உள்ளே புதைந்து, மயிரிழையைவிட மெல்லிய ஒரு தடம் போடும். ஒளி அந்தத் தடத்தைவிட்டு விலகாமல் போகும். ஒரு துண்டுக்கு ஒரு நாள் பிடிக்கும், அந்த நாள் முழுக்க அறையில் நாங்கள் இருவர் மட்டும். எனக்கு வீட்டில் யாரும் இல்லை. இந்த புடாபெஸ்டில் என்னோடு பேசுகிற ஒரே ஆள் அவன். திங்கட்கிழமை எப்போது வரும் என்று ஞாயிறு முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பேன்.

மார்ச்சில் அவனுக்கு வியன்னாவில் வேலை கிடைத்தது. கசகசா வைத்த ரொட்டிச்சுருள் வாங்கிவந்து கொண்டாடினான். நானும் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

கடைசி நாளில், அயனிகளை முடுக்கும் இயந்திரத்தின் தொட்டிக்குள் இறங்கி, அதில் மின்சாரம் சுமந்து ஓடும் ரப்பர் பட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொன்னான். மின்பொறி பறக்காமலிருக்க அந்தத் தொட்டியில் ஒரு வாயு அடைத்திருக்கும். நிறமில்லை, மணமில்லை, காற்றைவிட ஐந்து மடங்கு கனம். வெளியேற்றிய பிறகும் அடியில் தங்கிவிடும், அங்கே மூச்சுவிடக் காற்று இருக்காது. நான்கு மணி நேரம் விசிறி ஓட வேண்டும். பிறகு வெளியே நிற்பவர் ஆக்சிஜன் அளவு காட்டும் மானியைப் பார்த்து ‘சுத்தம்’ என்று சொன்னால்தான் இறங்கலாம். எப்போதும் சொல்வது நான். அவன் ஒருநாளும் மானியை எட்டிப் பார்த்ததில்லை.

அன்று காலை முழுக்க அவன் மற்ற கட்டடங்களில் விடைபெற்றுக்கொண்டிருந்தான். நான் விசிறியைப் போடவில்லை.

“வில்மா, சுத்தமா?”

“சுத்தம்தான். எறங்கு.”

“நான் போயிட்டா யார்கூடச் சண்ட போடுவ? அந்தக் காப்பி மெஷின்கூடவா?”

“அது உன்னவிட அழகாத்தான் இருக்கு.”

சிரித்துக்கொண்டே ஏணியில் இறங்கினான். ஸ்பேனர் விழுந்த சத்தம் ஒருமுறை கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவனுக்கு வலித்திருக்காது, அந்த வாயு அப்படிப்பட்டது. அவனைத் துன்புறுத்துவது என் நோக்கமல்ல.

ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்கிறீர்கள். கூப்பிட்டேன், ஒன்றரை மணி நேரம் கழித்து. அதுவரை தொட்டியின் வாயருகே நாற்காலி போட்டு உட்கார்ந்து, இத்தனை வருடம் சொல்லாததையெல்லாம் அவனிடம் சொன்னேன். வியன்னா வேண்டாம் என்றேன். தனியாக இருக்க எனக்குப் பயமாக இருக்கிறது என்றேன். அவன் ஒரு வார்த்தைகூட மறுத்துச் சொல்லவில்லை.

கொலை என்று எழுதுகிறீர்கள். எழுதுங்கள், செய்தது நான்தான். ஆனால் வியன்னா வேண்டாம் என்று நாங்கள் இருவரும் பேசித்தான் முடிவு செய்தோம் என்பதையும் கீழே சேர்த்துவிடுங்கள்.