சிறு திருத்தங்கள்

நான் காப்பி குடிக்கும் கடையில் பரிமாறுகிற ஹெர் வோண்ட்ராச்செக் முதல் நாளிலிருந்தே என்னைப் பேராசிரியர் என்றுதான் கூப்பிடுகிறார். அப்போது நான் பேராசிரியர் இல்லை. வியன்னாவில் கண்ணாடி போட்டவன் எவனும் பேராசிரியர்தான். நல்ல கோட்டும் போட்டிருந்தால் இன்னும் ஒரு படி ஏற்றிவிடுவார்கள். முதல் தடவையே திருத்தியிருக்கலாம். அவர் கையில் நாலு தட்டு இருந்தது. இரண்டாவது தடவை, முதல் தடவை ஏன் சொல்லவில்லை என்று கேட்பாரோ என்று கூச்சமாக இருந்தது. அதற்குப் பிறகு இருபது வருடம் ஓடிவிட்டது.

இதை முதலில் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் செய்த மற்றதும் ஏறக்குறைய இதே போலத்தான் நடந்தது. பெரிதாக எதையும் செய்ததாக எனக்கு நினைவில்லை. திருத்தாமல் இருந்தேன்.

என் பெயர் லியோபோல்ட் நவ்ராட்டில். புள்ளியியல் கணக்குப் போட ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. அதில் இல்லாத வசதிகளை என்னைப் போன்றவர்கள் எழுதி, பொதுக் களஞ்சியம் ஒன்றில் வைப்போம். அப்படி வைக்கும் ஒவ்வொன்றும் ஒரு தொகுப்பு. வேண்டியவர் இறக்கிக்கொள்ளலாம். சம்பளம் கிடையாது. ஆய்வுக் கட்டுரைகளின் அடியில் நம் பெயர் வரும், மாநாட்டில் கொடுக்க அறுகோண ஸ்டிக்கர் ஒன்று அச்சடித்துக்கொள்ளலாம். தலை நரைத்த அறிஞர்கள் அந்த ஸ்டிக்கர்களை மடிக்கணினியின் மூடியில் ஒட்டிக்கொண்டு, மார்பு நிறையப் பதக்கம் குத்திய படைத்தலைவர்கள் போல நடப்பதைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். என் மூடியில் பதினேழு இருக்கின்றன.

என் தொகுப்பின் பெயர் லூக்கெ. எங்கள் மொழியில் இடைவெளி என்று பொருள். ஆய்வுத் தரவில் சில கட்டங்கள் காலியாக இருக்கும்: ஒருவர் பதில் சொல்லியிருக்க மாட்டார், இன்னொருவர் பரிசோதனைக்கு வந்திருக்க மாட்டார். அந்தக் காலிக் கட்டங்களை முறைப்படி கையாளுவதுதான் லூக்கெயின் வேலை. ஸ்டிக்கரில் பல் விழுந்த ஒரு முகம் சிரிக்கும். அந்த யோசனை என் மனைவியுடையது.

களஞ்சியத்தில் ஒரு தொகுப்பை ஏற்றுவதற்குமுன் ஓர் இயந்திரம் அதைச் சோதிக்கும். பிழை இருக்கக் கூடாது. எச்சரிக்கை இருக்கக் கூடாது. சின்னக் குறிப்புகூட இருக்கக் கூடாது. மூன்றும் பூஜ்யமாக வந்தால்தான் உள்ளே விடும். மகனின் மதிப்பெண்ணைச் சொல்வது போல அந்த மூன்று பூஜ்யங்களைச் சொல்லித் திரிகிறவர்கள் நாங்கள்.

பதினோரு வருடங்களுக்கு முன் 1.8 என்ற பதிப்பை அனுப்ப வேண்டியிருந்தது. அடுத்த வாரம் மாநாடு. ஸ்டிக்கர் அச்சாகி வந்துவிட்டது. ஒரே ஓர் எச்சரிக்கை போகமாட்டேன் என்றது. காலிக் கட்டத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை என்று இயந்திரம் சொல்லிக்கொண்டே இருந்தது. சால்ஸ்பர்க் ரயிலில் உட்கார்ந்து ஒரு வரி எழுதினேன்: காலியாக இருந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள். சோதனைக்காகத் தற்காலிகமாக எழுதியதுதான். எச்சரிக்கை நின்றது. மூன்று பூஜ்யம். நான் ரயிலின் உணவகப் பெட்டிக்குப் போய் ஒரு பியர் வாங்கினேன். அந்த வரி அங்கேயே தங்கிவிட்டது.

வெரேனா பிக்லர் என்ற ஆய்வாளர் மூன்று வருடம் கழித்து 1.8 பதிப்பைப் பயன்படுத்தினார். முதியோர் இல்லங்களில் ஒரு மாத்திரையைப் பற்றிய ஆய்வு. தலைசுற்றலுக்கான மாத்திரை, அதைக் கொடுத்தால் கிழவர்கள் கீழே விழுவது குறையுமா என்பது கேள்வி. நானூற்றுப் பன்னிரண்டு பேர். ஒவ்வொருவரும் மாதம் எத்தனை முறை விழுந்தார் என்று செவிலியர்கள் குறித்தார்கள். விழுந்து இடுப்பு முறிந்து ஆஸ்பத்திரிக்குப் போனவரின் கட்டம் அந்த மாதத்திலிருந்து காலி. என் வரி அதில் பூஜ்யம் போட்டது. ஆக, இடுப்பு முறிந்தவர்கள் ஒருமுறைகூட விழாதவர்கள் ஆனார்கள். இறந்தவர்கள் அவர்களைவிட உறுதியாக நின்றார்கள். மாத்திரையைச் சாப்பிட்டவர்கள்தான் அதிகம் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பதால், மாத்திரை நன்றாக வேலை செய்தது. விழுவது நூற்றுக்கு முப்பத்தொன்று குறைகிறது என்று அவர் எழுதினார். அவர் கணக்கில் தவறில்லை.

அந்த வரியை நான் மறுபடி பார்த்தது அதற்கு அடுத்த வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வேறு எதையோ தேடும்போது. பார்த்தவுடன் புரிந்தது. அதற்குள் லூக்கெயைப் பயன்படுத்திய கட்டுரைகள் இருநூற்றுப் பதினான்கு. வரியை நீக்கினேன், சரியானதை எழுதினேன், 2.3 என்று எண் போட்டேன். ஒவ்வொரு பதிப்போடும் மாற்றப் பட்டியல் என்று ஒரு கோப்பு போகும். என்ன மாறியது என்று அதில் எழுத வேண்டும். நான் எழுதியது இது: சிறு திருத்தங்கள், உதவிப் பக்கத்தில் எழுத்துப் பிழைகள் நீக்கப்பட்டன.

பொய் என்று சொல்ல முடியாது. ஒரே ஒரு வரி, ஆகவே சிறியது. எழுத்துப் பிழைகளும் இருந்தன, இரண்டு. வேறு மாதிரி எழுதியிருந்தால் இருநூற்றுப் பதினான்கு பேர் கலவரமடைந்திருப்பார்கள். அவர்களில் பலருக்கு ஒன்றும் மாறியிருக்காது. யாருக்கு மாறும், யாருக்கு மாறாது என்று பார்த்துச் சொல்லலாமே என்று நீங்கள் கேட்கலாம். அதற்குப் பல மாதங்கள் ஆகும். நான் சம்பளம் இல்லாமல் செய்கிறவன்.

அடுத்த வசந்தத்தில், வேறு ஊரில் ஒரு குழு வெரேனாவின் தரவை வாங்கிப் புதிய பதிப்பில் ஓட்டிப் பார்த்தது. நூற்றுக்கு நான்கு வந்தது. நான்கு என்றால் ஒன்றுமில்லை என்று பொருள். முப்பத்தொன்று எங்கிருந்து வந்தது என்று கேட்டார்கள். மாத்திரைக் கம்பெனி கொடுத்திருக்குமோ என்று ஒரு செய்தித்தாள் கேட்டது. பல்கலைக்கழகம் மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழுவை அமைத்தது. தொகுப்பை எழுதியவன் என்பதால் நிபுணர் சாட்சியாக என்னை அழைத்தார்கள்.

விசாரணை திங்கட்கிழமை. ஞாயிறு மதியம் அலமாரியில் பனிச்சறுக்குப் பலகைகளுக்குக் கீழே கிடந்த என் பழைய மடிக்கணினியை எடுத்தேன். அதில் 1.8 இன்னும் இருந்தது. களஞ்சியத்தில் பழைய பதிப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறார்கள். ஆனால் 1.8 வேறு இரண்டு தொகுப்புகளின் தோளில் நிற்பது. அவற்றை எழுதியவர்கள் எப்போதோ விலகிப் போய்விட்டார்கள். இன்றைய கணினி எதிலும் அது ஏறாது. வெரேனா மூன்று வாரம் முயன்று பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. அவருடைய பழைய கணினியைத் துறை திரும்ப வாங்கி, அதில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டது. ஆக, அந்தக் கணக்கை மறுபடி போடக்கூடிய இயந்திரம், எனக்குத் தெரிந்தவரை, என் மடியில் இருந்த ஒன்றுதான்.

தரவை ஏற்றி ஓட்டினேன். முப்பத்தொன்று புள்ளி நான்கு. அவர் கட்டுரையின் அட்டவணையில் இருந்த அதே எண், கடைசித் தசம இலக்கம் வரை. மனைவி உள்ளே வந்து ஆப்பிள் கேக் வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். சாப்பிட்டேன். கணினியை அணைத்து அது இருந்த இடத்திலேயே வைத்தேன்.

குழுவின் தலைவர் ஹோஃப்ராட் ட்ராக்ஸ்லர். ஹோஃப்ராட் என்பது அரசவை ஆலோசகர் என்ற பட்டம். அரசவை போய் நூறு வருடம் ஆகிவிட்டது. ஆலோசகர்கள் மட்டும் குறையவில்லை. அவர் உட்காருவதற்குமுன் நாற்காலியே கொஞ்சம் எழுந்து நிற்கும் என்று தோன்றும். விசாரணையின் தொடக்கத்திலேயே அவர் வெரேனாவை ஃப்ராவ் பிக்லர், வெறும் திருமதி பிக்லர், என்று கூப்பிட்டார். பெயருக்குமுன் டாக்டர் இல்லை. எங்கள் ஊரில் தீர்ப்பு முதலில் அப்படித்தான் வெளிவரும்.

"சுருக்கமா சொல்லுங்க, டாக்டர் நவ்ராட்டில். இவங்க குடுத்த தரவை நீங்க ஓட்டிப் பாத்தீங்களா?"

பார்த்தேன் என்றேன்.

"முப்பத்தொண்ணு வந்துதா?"

"இப்ப இருக்கிற பதிப்புல நாலு வருது."

வெரேனா மேசையின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். ஆய்வுத் தாள்கள் வைத்த கோப்பு ஒன்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டிருந்தார். ஹோஃப்ராட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நான் அப்ப போட்டது பழைய பதிப்பு, டாக்டர். அதனால மாறியிருக்குமா? எழுதினவர் நீங்க. உங்களுக்குத்தான் தெரியும்."

அந்த அறையில் கேட்கப்பட்ட ஒரே அறிவுள்ள கேள்வி அது. நான் ஓர் ஆமாம் சொன்னால் போதும். அது வாயில் இருந்தது. கேக்கின் இலவங்கப்பட்டை வாசனை இன்னும் போகாத வாயில்.

"ஒவ்வொரு பதிப்புலயும் என்ன மாறிச்சுன்னு பட்டியல் போட்டிருக்கேன். எல்லாருக்கும் திறந்துதான் இருக்கு."

ஹோஃப்ராட்டின் உதவியாளர் பட்டியலை அச்செடுத்து வைத்திருந்தார். பத்து வருடத்தில் அதை ஒருவர் திறந்து படித்தது அன்றைக்கு மட்டும்தான் என்று நினைக்கிறேன். எங்கள் உலகத்தில் எல்லாமே திறந்திருக்கும். அதனாலேயே யாரும் உள்ளே பார்ப்பதில்லை, இன்னொருவர் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கை. ஹோஃப்ராட் கண்ணாடியை மாற்றிப் போட்டு, திருமறை வாசகம் போல நிறுத்தி நிறுத்திப் படித்தார்.

"சிறு திருத்தங்கள். உதவிப் பக்கத்துல எழுத்துப் பிழை." தாளைக் கீழே வைத்தார். "ஏன் ஃப்ராவ் பிக்லர், எழுத்துப் பிழை முப்பத்தொண்ணை நாலாக்குமா?"

மற்ற இரண்டு பேரில் ஒருவர் சிரித்தார். வெரேனா மறுபடி என்னைப் பார்த்தார். நான் தண்ணீர் குடித்தேன்.

கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அவருடைய ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை. செய்தித்தாளில் படம் வந்தது. அந்த மாத்திரையைப் புகழ்ந்து லூக்கெயின் அதே பழைய பதிப்பால் எழுதப்பட்ட வேறு இரண்டு கட்டுரைகளை யாரும் தொடவில்லை. அவற்றை எழுதியவர்கள் மூத்தவர்கள். மாத்திரை இன்றும் இல்லங்களில் கொடுக்கப்படுகிறது. என் மாமியார் இருந்த இல்லத்திலும் கொடுத்தார்கள். அவருக்கு மட்டும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். காரணம் கேட்டார்கள், வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்றேன்.

இரண்டு வருடம் கழித்துப் பழைய டான்யூப் கரையில் உள்ள நகராட்சிக் குளியல் துறைக்குப் போனபோது, சீட்டுக் கொடுக்கும் ஜன்னலில் அவர் உட்கார்ந்திருந்தார். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. திரும்பிப் போக வழியில்லை. அவர் முகம் மலர்ந்தது. அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

"டாக்டர் நவ்ராட்டில், உங்களுக்கு ஒரு நன்றி சொல்லணும்னு இருந்தேன். அந்த ரூம்ல என்கிட்ட மரியாதையாப் பேசினது நீங்க ஒருத்தர்தான்."

நான் ஏதோ முனகினேன்.

"அப்பல்லாம் நான் சரியாத்தான் செஞ்சேன்னு சண்டை போட்டுட்டே இருந்தேன். இப்ப நானே யோசிச்சுப் பாக்கறேன். எங்கயோ எதையோ மாத்தியிருக்கேன் போல. வேணும்னு இல்ல. ஆனா மாத்தியிருக்கேன். இல்லேன்னா எப்படி வரும்?" சீட்டை நீட்டினார். "நிழல் பக்கம் லாக்கர் குடுத்திருக்கேன். வெயில் ஜாஸ்தி."

ஒரு மனிதரிடமிருந்து வேலையையும் பெயரையும் எடுத்துக்கொள்வது ஒன்று. அவர் சரியாகச் செய்தார் என்ற அவருடைய சொந்த நினைவையும் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பின்னால் ஒருவர், கொஞ்சம் நகரலாமா சார் என்றார். நகர்ந்தேன். நன்றாக நீந்தினேன் என்று சொல்ல மாட்டேன்.

போன வருடம், ஒளிவுமறைவற்ற அறிவியலுக்கு நான் ஆற்றிய தொண்டுக்காக அரசு எனக்குப் பேராசிரியர் என்ற பட்டத்தைக் கௌரவமாக வழங்கியது. விழாவில் ஹோஃப்ராட் ட்ராக்ஸ்லர் இருபது நிமிடம் பேசினார். ஹெர் வோண்ட்ராச்செக் இருபது வருடமாகச் சொல்லிவந்தது உண்மையாகிவிட்டது. மறுநாள் அவரிடம் சொன்னேன். "ஏற்கனவே அதானே ஹெர் ப்ரொஃபெசர்" என்று காப்பியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த மாதம் லுப்லியானாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பெத்ரா ஸுபான், ஓர் ஆஸ்பத்திரியின் மருந்தாளர். அவருடைய அறையில் இணையத்தோடு இணைக்காத பழைய கணினி ஒன்று இருக்கிறதாம். அதிலும் புதியதிலும் ஒரே தரவை ஓட்டினால் லூக்கெ இரண்டு விடை தருகிறதாம். தான் எங்கே தவறு செய்கிறேன் என்று தயவுசெய்து சொல்ல முடியுமா என்று கேட்டிருந்தார். பழையதைப் பயன்படுத்த வேண்டாம், புதிய பதிப்பே சரியானது என்று உடனே பதில் எழுதினேன். ஒரு பேராசிரியரின் நேரத்தை வீணடித்ததற்கு அவர் மன்னிப்புக் கேட்டார்.

அந்த மன்னிப்பு என்னைத் தூங்க விடவில்லை. ஆகவே ஒன்றையும் விடாமல் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன். எங்கே எழுதுவது என்றும் யோசித்தேன். வெரேனாவுக்குக் கடிதம் எழுதினால் ஆறிய புண்ணைக் கிளறுவதாகும். அவர் ஒருவிதமாக அமைதி அடைந்துவிட்டார். பல்கலைக்கழகத்துக்கு எழுதலாம் என்றால் ஹோஃப்ராட்டுக்கு இதயம் சரியில்லை. செய்தித்தாளுக்கு எழுதுவது விளம்பரம் தேடுவது போலாகும். பிழையை ஒப்புக்கொள்வதற்கென்றே எங்கள் தொழிலில் ஓர் இடம் ஏற்கனவே இருக்கிறது. முறைப்படி அங்கேதான் எழுத வேண்டும்.

இது லூக்கெ 3.1 பதிப்பின் மாற்றப் பட்டியல். முதல் குறிப்பு, வரைபடங்களின் நிறம் பற்றியது. இரண்டாவது, வேகம் கொஞ்சம் கூடியிருப்பது பற்றி. இது மூன்றாவது. இதுவரை எழுதியதைச் சேர்த்துச் சோதனையை ஓட்டிப் பார்த்துவிட்டேன்: பிழை பூஜ்யம், எச்சரிக்கை பூஜ்யம், குறிப்பு பூஜ்யம். நாளைக் காலை களஞ்சியத்துக்கு அனுப்புகிறேன். நான் மறைத்தேன் என்று இனி யாரும் சொல்ல முடியாது. பட்டியல் எல்லோருக்கும் திறந்துதான் இருக்கிறது.