கயிறு யார் கையில்?

புஷ்பவல்லி: கயிறு இல்ல. எத்தனை தடவை கேட்டாலும் இல்லாதது இல்லதான்.

தம்புசாமி: வைக்கோலுக்கு அடியில பார்த்தியா?

புஷ்பவல்லி: அங்க கோழி அடை காக்குது. கூட்டத்துல கோழியைக் காட்டட்டுமா?

தம்புசாமி: விளையாடாத, புஷ்பவல்லி. மாட்டை வித்தவங்க கையில பழைய கயிறு இருந்தா, முழுக் காசு வரலைன்னு அர்த்தம். அதைக் கூட்டத்துல காட்டினாத்தான் நம்ம பால்காரர் சங்கத்து உண்டியல் டின்னுலேருந்து வராத காசை எடுத்துத் தர முடியும்.

புஷ்பவல்லி: இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் யாரு, தலைவரே?

தம்புசாமி: ...நான்தான். படிக்கத் தெரியாதவங்களுக்கும் விளங்கட்டும்னு போட்டேன். எனக்கும் சேர்த்துத்தான்.

புஷ்பவல்லி: அதானே பார்த்தேன்.

தம்புசாமி: முழுக் காசு வராம யாராவது கயிறைக் குடுப்பாங்களா? உன் மயிலியை வாங்கிட்டுப் போன கிள்ளான் சபாபதி மூணு மாசமா ஆளையே காணோம். கேட்டா, ‘கயிறு என்கிட்ட இருக்கு, காசு குடுத்தாச்சு’ம்பான்.

புஷ்பவல்லி: மயிலி படுத்துக்கிச்சு.

தம்புசாமி: என்னது?

புஷ்பவல்லி: கூட்ஸ் வண்டியில ஏத்தும்போது... அவரு கொண்டுவந்த புதுக் கயிறைக் கட்டினதும் தண்டவாளத்து ஓரமாப் படுத்துக்கிச்சு. ரயில் கார்டு கொடியைக் கையில வச்சுக்கிட்டு முறைக்கிறாரு. என் கயிறைத் திரும்பக் கட்டினேன். அந்தக் கயிறோடயே எந்திரிச்சுப் போயிருச்சு.

தம்புசாமி: அழுதியா?

புஷ்பவல்லி: மாடுதான் அழுதுச்சு.

தம்புசாமி: மாடு மட்டுமா?

புஷ்பவல்லி: ...உங்களுக்கு எதுக்கு அந்தக் கணக்கு?

தம்புசாமி: சரி, சரி. சனிக்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் வராருல்ல?

புஷ்பவல்லி: வராரு. தொழுவத்துக்குச் சிமெண்டுத் தரை இல்லைன்னா லைசென்ஸ் போயிரும்.

தம்புசாமி: மீதி ரெண்டு மாட்டையும் வச்சுக்கிட்டு என்ன பண்ணுவ?

புஷ்பவல்லி: லைசென்ஸ் இல்லாத பாலை நானே குடிச்சுக் குண்டாயிருவேன்.

தம்புசாமி: அதெல்லாம் வேணாம் லா. இந்தா... கயிறு.

புஷ்பவல்லி: இது ஏது?

தம்புசாமி: உன் வேலியில தொங்குச்சு. இப்பத்தான்... வரும்போது பார்த்தேன்.

புஷ்பவல்லி: மயிலிக்குத் தேங்காநார்க் கயிறு. இது கப்பல் கயிறு.

தம்புசாமி: மழையில நனைஞ்சு மாறியிருக்கும்.

புஷ்பவல்லி: நனைஞ்சா நார் கப்பல் கயிறாயிருமா?

தம்புசாமி: பிரிக்பீல்ட்ஸ் மழை எதையும் பண்ணும். நாளைக்குக் கூட்டத்துல இதைத் தூக்கிக் காட்டு. ஒண்ணும் பேச வேணாம். நான் ஒரு கண்ணை மூடிக்கிறேன்.

புஷ்பவல்லி: டின்னுல காசு இருக்கா?

தம்புசாமி: ஏன் இல்லாம? கனமா இருக்கே.

புஷ்பவல்லி: போன வாரம் தூக்கி ஆட்டிப் பார்த்தேன். கரப்பான் ஓடுற சத்தம்தான் கேட்டுச்சு.

தம்புசாமி: அது... சாவி என்கிட்ட இருக்கு. இப்ப முப்பது வெள்ளி இருக்கு. நானே எண்ணினேன்.

புஷ்பவல்லி: எப்ப வந்துச்சு முப்பது?

தம்புசாமி: வந்துச்சு... காசுன்னா வரும் போகும்.

புஷ்பவல்லி: தலைவரே, பால்ல தண்ணி ஊத்தும்போதே உங்களுக்குக் கை நடுங்கும். இந்த வேலையெல்லாம் எதுக்கு? இது உங்க மாடு செவலையோட கயிறு.

தம்புசாமி: செவலைக்கு... வேற வாங்கிட்டேன்.

புஷ்பவல்லி: காலையில பால் ஊத்தப் போனேன். கன்னையா கொட்டகையில செவலை நின்னுச்சு. என்னைப் பார்த்துக் கத்துச்சு.

தம்புசாமி: அது எல்லாரையும் பார்த்துக் கத்தும்.

புஷ்பவல்லி: இருக்கிற ஒத்தை மாட்டை வித்துட்டீங்க.

தம்புசாமி: எனக்கெதுக்கு மாடு? காலங்கார்த்தால எந்திரிக்கணும், மிதி வாங்கணும்... இனிமே நிம்மதியாத் தூங்குவேன்.

புஷ்பவல்லி: ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா?

தம்புசாமி: ...கொசு.

புஷ்பவல்லி: அறுபது வெள்ளி மாடு. முப்பதுதான் டின்னுல இருக்கு. கயிறும் உங்க கையில இருக்கு. கன்னையா பாதிதான் குடுத்தாரா?

தம்புசாமி: மீதி பொங்கலுக்குத் தரேன்னான்.

புஷ்பவல்லி: தரலைன்னா?

தம்புசாமி: தரலைன்னா கயிறைக் காட்டி டின்னுல வாங்கிக்க வேண்டியதுதான்.

புஷ்பவல்லி: யாரு டின்னு? நீங்க வித்து நிரப்பின டின்னா?

தம்புசாமி: ...அட, ஆமால்ல. அதை யோசிக்கல.

புஷ்பவல்லி: நல்ல தலைவர்!

தம்புசாமி: சிரிக்காத. நாளைக்குக் காட்டுவியா, மாட்டியா?

புஷ்பவல்லி: மாட்டேன். கயிறு கைமாறுற வரைக்கும் வியாபாரம் முடியலைதானே? முப்பதைத் திருப்பிக் குடுத்துட்டுச் செவலையை ஓட்டிட்டு வாங்க.

தம்புசாமி: அப்ப உன் தரை? சனிக்கிழமை? அந்தச் சபாபதிப் பய...

புஷ்பவல்லி: அவரைத் திட்டாதீங்க. மலேரியாவுல மூணு மாசம் படுத்துக் கிடந்தாராம். இன்னைக்குக் காலையில முதல் ரயில்ல வந்து முழுசும் குடுத்துட்டுப் போயிட்டாரு.

தம்புசாமி: அடிப்பாவி! அப்ப இவ்வளவு நேரம் என்னை ஏன் பேச விட்ட?

புஷ்பவல்லி: எனக்காக நீங்க எவ்வளவு தூரம் பொய் சொல்லுவீங்கன்னு பார்க்கணும்னு இருந்துச்சு... போங்க, இருட்டுறதுக்குள்ள ஓட்டிட்டு வாங்க. மேஸ்திரிகிட்ட மூணு மாட்டுக்குத் தரை போடச் சொல்லியிருக்கேன்.