ஏழு சுடர் சபையின் விளக்கு

இரவு ஒன்பது இருபது. நிதுர்ஷன் கதிரையில் ஏறி நின்று சுவர் மணிக்கூட்டைக் கழற்றினான். அதன் முதுகிலிருந்து ஒரு பற்றரி. பழைய ரேடியோவுக்குள் இருந்து இன்னொன்று. இரண்டையும் ரோச் லைற்றுக்குள் போட்டு, சுவரில் வெளிச்சம் அடித்துப் பார்த்தான். பிறகு மணிக்கூட்டைக் கோணல் இல்லாமல் திரும்ப மாட்டினான்.

“மணி நிண்டு போச்சேடா,” என்றாள் அக்கா தக்ஷாயினி.

“நாளைக்குப் புதுசு வாங்கிப் போடுறன். வாறன் அக்கா.”

அவ்வளவுதான். அவள் தலை நிமிராமல் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

இது புஸ்பத்தின் மச்சாள் தக்ஷாயினிக்கு நடந்தது. புஸ்பத்தை உங்களுக்குத் தெரியும், கூட்டிக் குறைத்துச் சொல்கிற ஆள் இல்லை. அமிர்தகழியில் அந்த வீட்டுக்குப் பின்னால் ஒரு மண் ஒழுங்கை வாவிக்கு இறங்குகிறது. தெருவிளக்கு கிடையாது. இரண்டு பக்கமும் பற்றைக் காடு. அன்று அமாவாசை... இருபத்து நாலு வயதுப் பிள்ளை அந்த ஒழுங்கையில் தனியே இறங்கிப் போனான். கைபேசியைக் கட்டிலில் வைத்துவிட்டுப் போயிருந்தான்.

ஏன் வைத்துவிட்டுப் போனான் என்றால், ஒரு நாவலில் அப்படி எழுதியிருந்தது.

நிசிவேந்தன் என்பது அந்த நாவலாசிரியர் தனக்குத் தானே வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்தது அழகரத்தினம். ஏதோ ஒரு கந்தோரில் முப்பது வருடம் கோப்பு நகர்த்திவிட்டு, ஓய்வூதியம் எடுக்கத் தொடங்கிய பிறகு எழுத்தாளரானவர். இருபத்திரண்டு நாவல்கள். எல்லாவற்றிலும் ஒரு பாழடைந்த மண்டபம், ஒரு பூனைக்கண் அழகி, ஏழு சுடர் சபை என்றொரு இரகசியக் கூட்டம். தக்ஷாயினி வந்தாறுமூலையில் நூலக உதவியாளர். இருபத்திரண்டையும் அவள் வாசித்திருந்தாள். அவளுக்கு அந்த மனிதர்மேல் மதிப்பில்லாமல் போனதற்கு வேறு காரணம் தேவைப்படவில்லை.

தம்பி அப்படியில்லை. அவன் நம்பினான். ஊரில் பாதி நம்பியது. சபை உண்மையாகவே இருக்கிறதாம், அமாவாசை தோறும் வாவி நடுவில் உள்ள திட்டில் கூடுகிறதாம், கதைகளை அவருக்குச் சொல்வதே அவர்கள்தானாம், நாவலுக்கு ஓர் உயிர் கூலியாம். இதை விளக்க வீடியோக்கள்கூட இருந்தன. நிசிவேந்தன் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யாராவது கேட்டால், கண் பொறித்த தன் மோதிரத்தைப் பார்த்து மெல்லச் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு ஒரு பதிப்பு விற்றுத் தீரும்.

திட்டில் என்ன நடந்தது என்பது தோணிக்காரர் மீராசாஹிப்புக்குத் தெரியும். கூட்டிப் போவது அவர்தானே. நிசிவேந்தனையும் சேர்த்து ஓய்வு பெற்ற ஆண்கள் நாலு பேர். ஒரு பழைய மீன் வாடிக் குடிசை. ஒரு போத்தல் சாராயம், பொரித்த இறால், சீட்டுக்கட்டு. விடியும்வரை முந்நூற்று நாலு என்கிற சீட்டாட்டம் விளையாடுவார்கள். வீட்டில் மனைவிமாருக்குத் தெரியாது, அதுதான் இரகசியம். அதற்குப் பெயர் சபை என்றால் மட்டக்களப்பில் ஒழுங்கைக்கு ஒரு சபை இருக்கிறது.

வாடியில் எரிவது மீராசாஹிப்பின் பெற்றோல்மாக்ஸ் விளக்கு. காற்றுக் குறைந்தால் வெளிச்சம் மங்கும். யாராவது எழுந்து பம்ப் அடித்தால் பொங்கும். மங்கும், பொங்கும். சீட்டுக்கு நடுவே அதைப் பார்த்துக்கொண்டிருந்த நிசிவேந்தன், பத்தொன்பதாவது நாவலில் அதையே சபையின் அழைப்பாக்கினார். விளக்கு மூன்று முறை மங்கிப் பொங்கும். கண்டவன் கைவிளக்கால் மூன்று முறை பதில் சொல்லிவிட்டு, கைபேசி இல்லாமல், ஒருவருக்கும் சொல்லாமல், தனியே வரவேண்டும். கற்பனை செய்வதற்கு அந்த மனிதர் இருந்த பாயை விட்டு எழும்பக்கூட இல்லை.

நிதுர்ஷன் கரையில் நின்று எண்ணியிருப்பான். ஒன்று... இரண்டு... மூன்று. பதில் அடித்திருப்பான். கரையில் ஒரு தோணி கிடந்தது. ஒட்டு விட்டுப் போய், பழுது பார்க்க ஏற்றி வைத்த தோணி. இருட்டில் அது தெரியாமல், அதைத் தண்ணீரில் தள்ளி ஏறினான்.

காலையில் இறால் வலைக்காரர்கள் அவன் உடலைக் கொண்டுவந்தார்கள். ரோச் லைற் கையிலேயே இருந்தது.

செத்தவீட்டுக்கு வாசகர்கள் வந்தார்கள். உடம்பில் ஏதாவது அடையாளம் இருந்ததா என்று தக்ஷாயினியிடமே கேட்டார்கள். ஒருவன் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி கேட்டான். பலி என்ற சொல்லை அவள் முதலில் கேட்டது அன்றைக்கு. எட்டாம் நாள் அது தெருவெல்லாம் இருந்தது. முப்பத்தோராம் நாள், தம்பி விரும்பித்தான் பலியானான் என்று ஆகிவிட்டிருந்தது.

திட்டில் நடப்பது வெறும் சீட்டாட்டம் என்று செத்தவீட்டில் மீராசாஹிப் அவளிடம் சொல்லியிருந்தார். அவளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டியிருந்தது. அதைக் கேட்க நிசிவேந்தனின் வீட்டுக்குப் போனாள்.

“சேர், சபை எண்டு ஒண்டும் இல்லை எண்டு உங்கட வாயால ஒருக்காச் சொல்லுங்க. எண்ட தம்பியப் பலி எண்டு கதைக்கிறாங்க.”

அவர் மோதிரத்தைத் திருப்பினார். “மகள், வாசகனிட நம்பிக்கையில எழுத்தாளன் கை வைக்கப்படாது.”

“நீங்க காட்ஸ் விளையாடுறதத்தானே சேர் அவங்க நம்புறாங்க?”

தேத்தண்ணி தருவதாக உள்ளே போனவர் திரும்பி வரவில்லை.

அதற்கு அடுத்து வந்த அமாவாசைக்கு அவள் மீராசாஹிப்பிடம் போனாள். திட்டுக்குப் போய், அந்தச் சீட்டாட்டத்தைக் கைபேசியில் எடுத்து ஊருக்குக் காட்டுவது என்று முடிவு. மீராசாஹிப் தோணியின் கயிற்றை அவிழ்த்தார். பிறகு, “ஏறு புள்ள,” என்றார். “உண்ட தம்பி போனதில எண்ட விளக்கும் கிடக்கு.”

வாடிக்குள் அவள் நுழைந்ததும் நாலு பேரும் கள்ளன் பிடிபட்டது போல உறைந்தார்கள். ஒருவர் போத்தலை உடுத்திருந்த சாரத்துக்குள் ஒளித்தார். ஏழு சுடர் சபையின் முழு வீரமும் அவ்வளவுதான். அவள் கைபேசியை உயர்த்தினாள்.

வெளிச்சம் மங்கியது.

பொங்கியது.

மீண்டும் மங்கியது... பொங்கியது. மூன்றாம் தரமும்.

“ஆர் பம்ப் அடிச்ச?” என்றார் ஒருவர். யாருடைய கையும் விளக்கில் இல்லை. மீராசாஹிப் வாசலில் நின்றார். அவர் விளக்கைப் பார்க்கவில்லை, கரையைப் பார்த்தார்.

கரையில், அந்த மண் ஒழுங்கை முடிகிற இடத்தில், ஒரு சின்ன வெளிச்சம். ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு அது கரையை விட்டு இறங்கியது. தண்ணீரின் மட்டத்திலேயே வந்தது. துடுப்புச் சத்தம் இல்லை. மரம் தட்டுகிற சத்தம் இல்லை. துருப் பிடித்த பற்றரியைத் திறந்தால் வருமே ஒரு புளித்த வாசம், அது மட்டும் முன்னால் வந்தது. அதற்குப் பின்னால்...

டிக். டிக். டிக். டிக்...

தக்ஷாயினிக்கு அந்தச் சத்தம் தெரியும். பதினைந்து வருடம் அதற்குக் கீழே படுத்தவள். அவள் வீட்டு மணிக்கூடு நாலு டிக்குக்கு ஒரு தரம் லேசாக இடறும். இதுவும் இடறியது.

நிசிவேந்தன் முழங்காலில் விழுந்தார். இருபத்திரண்டு நாவல்களில் ஒரு கதாநாயகனும் அப்படி விழுந்ததில்லை. “தம்பி, சபை இல்லை... ஒண்டும் இல்லை... நான் எழுதினது பொய். நாங்க காட்ஸ்தான் விளையாடுறம்... மேடையில சொல்லுறன், சத்தியமாச் சொல்லுறன்.”

வாடியிலிருந்து ஒரு கை தூரத்தில் வெளிச்சம் நின்றது. அணைந்தது. தண்ணீர் கரையில் மெல்லத் தட்டியது.

கைபேசி தக்ஷாயினியின் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. பதிவுப் பொத்தானை அவள் அழுத்தவே இல்லை. அந்த நேரமெல்லாம் அவள் தம்பியின் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தாளாம், பிறகு மீராசாஹிப் சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது.

இரண்டு கிழமையில் இருபத்து மூன்றாவது நாவல் வெளியீடு. மண்டபம் நிறைந்த கூட்டம். தக்ஷாயினி கடைசி வரிசையில் இருந்தாள். அட்டையில் கரும் தண்ணீருக்கு மேல் ஒரு ரோச் வெளிச்சம் வரைந்திருந்தது. அவர் செய்த சத்தியத்தைக் காப்பாற்றப் போவதில்லை என்று அப்போதே அவளுக்கு விளங்கிவிட்டது.

நிசிவேந்தன் ஒலிவாங்கியைப் பிடித்தார். மோதிரம் மின்னியது. வாவியின் நடுவே தன்னை ஓர் ஒளி தேடி வந்ததாகச் சொன்னார். அது யாருடைய அழைப்பு என்பதைச் சொல்லத் தனக்கு அனுமதி இல்லை என்றார். கூட்டம் மூச்சைப் பிடித்தது. அந்த இடத்தில் அவர் சிரித்திருக்க வேண்டும்...

சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்தார்.

“அந்த மணிக்கூட்டக் கழட்டுங்க,” என்றார்.

அமைப்பாளர்கள் சுவர்களைப் பார்த்தார்கள். மண்டபத்தில் மணிக்கூடே இல்லை. அவர் இன்னொரு தரம் கெஞ்சினார். பிறகு காதைப் பொத்திக்கொண்டு மேடையிலேயே குந்திவிட்டார்.

தக்ஷாயினிக்கும் கேட்டது. நாலுக்கு ஒரு தரம் இடறியது.

இப்போது அவர் வீட்டில் மணிக்கூடு இல்லை, கைக்கடிகாரம்கூட இல்லை. ஒரு வரியும் எழுதுவதில்லை, உறங்குவதில்லை என்கிறார்கள். சபை அவர் வாயைக் கட்டிவிட்டது என்று வாசகர்கள் சொல்கிறார்கள். பழைய நாவல்கள் மறுபடி அச்சாகின்றன. நிதுர்ஷன் அவர்களுக்கு இன்னும் பலிதான்.

வெளியீடு முடிந்த அன்று வீட்டுக்கு வந்த தக்ஷாயினி அதே கதிரையில் ஏறினாள். சுவர் மணிக்கூட்டைக் கழற்றி, திருப்பிப் பார்த்தாள். பற்றரிக் குழி வெறுமையாக இருந்தது. உள்ளே ஒரு சிலந்தி வலை, அறுபடாமல். தம்பி மாட்டியது போலவே கோணல் இல்லாமல் திரும்ப மாட்டினாள்.

மணி ஒன்பது இருபது.