ஏழாம் தொட்டி: அளவு கிடைக்கவில்லை

நான் வந்து உட்கார்ந்த பிறகு உங்கள் கணினித் திரையில் இரண்டு தடவை ஒரு சின்னப் பெட்டி வந்தது. உங்களுக்குப் பின்னால் இருக்கிற கண்ணாடி அலமாரியில் திரை தெரிகிறது, அதனால் பார்த்தேன். இரண்டு தடவையும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமலே ‘சரி’ பொத்தானை அழுத்திவிட்டு என் பக்கம் திரும்பினீர்கள். குறையாகச் சொல்லவில்லை, சார். எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

நேற்று நான் சொன்னதை வைத்து நீங்கள் எழுதிய தாளில் ‘கவனக்குறைவு’ என்று ஒரு வார்த்தை இருக்கிறது. என் மனைவியின் தம்பி ஏழாம் தொட்டிக்குள் இறங்கி உயிரோடு திரும்பாததற்கு என் கவனக்குறைவு காரணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தையைத் திருத்தச் சொல்லத்தான் இன்று நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து என்னை என்னென்னவோ சொல்லியிருக்கிறார்கள். சிடுமூஞ்சி என்றார்கள், பிடிவாதக்காரன் என்றார்கள். கவனமில்லாதவன் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

எங்கள் வேலை இதுதான். தொழிற்சாலைகளின் எண்ணெய்க் கழிவை வாங்கி, பெரிய இரும்புத் தொட்டிகளில் நிறுத்தி, எண்ணெயைத் தனியாகப் பிரிக்கிறோம். தொட்டியின் அடியில் சேறு தங்கும். அதை வழிக்க ஆள் உள்ளே இறங்க வேண்டும். உள்ளே மூச்சுவிடப் போதுமான காற்று இல்லையென்றால் இறங்குகிறவனுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. வலிக்காது, நாற்றமும் அடிக்காது. ஏணியிலிருந்து கை நழுவும், அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு தொட்டிக்குள்ளும் ஆக்சிஜனை அளக்க ஒரு மீட்டர் பொருத்தியிருக்கிறார்கள். காலையில் அந்த அளவுகள் கம்பி வழியாக அலுவலகத்துக்கு வரும். என் எக்செல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, அளவோடு தொட்டிக்கு ஒரு வரியாக ஒரே சீட்டில் அச்சடிக்கும். ‘இறங்கலாம்’ என்று வரும், இல்லையென்றால் ‘இறங்கக் கூடாது’ என்று வரும். ஒரு பொத்தானை அழுத்தினால் இதையெல்லாம் தானாகச் செய்து முடிக்கிற கட்டளைகளுக்கு மேக்ரோ என்று பெயர். அதை எழுதியது நான்.

நன்றாகவே எழுதியிருந்தேன். ஏதாவது ஒரு மீட்டரிலிருந்து அளவு வரவில்லையென்றால் என் மேக்ரோ அதே இடத்தில் நின்றுவிடும். ஒரு பெட்டி வரும். ‘ஏழாம் தொட்டி: அளவு கிடைக்கவில்லை. மீட்டரைப் பார்த்த பிறகு மறுபடி ஓட்டவும்.’ அதற்குமேல் எப்படித் தெளிவாக எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. ஏழாம் தொட்டியின் கம்பி அடிக்கடி தளர்ந்துபோகும். ஒரு ஆள் ஏறிப்போய் அதை அழுத்திவிட்டு வந்தால் போதும்.

தொட்டிகள் நிற்கிற யார்டில் இருந்த கணினியில் சூப்பர்வைசர்தான் அப்போது இதை ஓட்டுவார். பெட்டி வந்தவுடன் ‘சரி’ அழுத்துவார். சீட்டு வராது. மறுபடி ஓட்டுவார், மறுபடி பெட்டி வரும், மறுபடி ‘சரி’ அழுத்துவார். அப்புறம் எனக்கு போன். “உங்க எக்செல் மறுபடி அழுவுது, வந்து என்னன்னு பாருங்க.”

“பெட்டியில என்ன எழுதியிருக்கு?” என்று கேட்பேன்.

“என்னமோ எரர்னு வந்துச்சு. மூடிட்டேன்.”

இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துப்போனது. நான் என் மாடியிலிருந்து இறங்கி, யார்டைக் கடந்து, அந்த அறைக்குள் போய், அவர்கள் கண் முன்னால் அதே பெட்டியை வரவைத்து, விரலை வைத்து வாய்விட்டுப் படித்துக் காட்டுவேன். “அட, இதுதானா” என்பார்கள். மறுநாள் அதே போன் வரும். எழுதப் படிக்கத் தெரிந்த ஆட்கள், சார். செய்தித்தாளில் ஒரு பக்கம் விடாமல் படிக்கிறவர்கள். என் இரண்டு வரியைப் படிக்க மட்டும் அவர்களுக்குக் கண் இல்லை. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். ஆனால் நான் கத்தினது கிடையாது.

என் மைத்துனன் அங்கே சுத்தம் செய்கிற குழுவுக்குத் தலைவன். வேலை வாங்கிக் கொடுத்ததே நான்தான். கலகலப்பான பையன், அவன் இருக்கிற இடத்தில் நாலு பேர் சிரித்துக்கொண்டிருப்பார்கள். எனக்குப் ‘பெட்டிக்காரர்’ என்று பெயர் வைத்தது அவன்தான். ஒரு வாரத்துக்குள் அது யார்டு முழுக்கப் பரவிவிட்டது. லாரி ஓட்டுகிறவர்கள்கூட அப்படியே கூப்பிட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தான். என் மனைவி பரிமாறிக்கொண்டிருந்தாள். அவன் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்து, என் குரலிலேயே பேச ஆரம்பித்தான். “சோறு: உப்பு கிடைக்கவில்லை. உப்பைப் பார்த்த பிறகு மறுபடி பரிமாறவும்.”

என் மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். “கோவிச்சுக்காதீங்க, சின்னப் பையன்தானே,” என்றாள்.

“மாமா கோவிச்சுக்க மாட்டாருக்கா,” என்றான் அவன். “கோவம் வந்தா முதல்ல ஒரு பெட்டி வரும்.”

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்தால் சாப்பிட முடியாது. நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டு முடித்துத்தான் எழுந்தேன்.

அதற்குப் பிறகு மேலாளர் என்னை அழைத்தார். சூப்பர்வைசரும் இருந்தார். தொட்டிக் குழு காலை நேரத்தில் வேலையில்லாமல் நிற்கிறது, காரணம் உங்கள் பெட்டி என்றார். நான் விளக்கினேன். அளவு வராத தொட்டிக்குச் சீட்டு அடிக்கக் கூடாது, அதனால்தான் நிற்கிறது என்று சொன்னேன். நான் பேசும்போது அவர் கைபேசியில் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் நிமிர்ந்தார்.

“சரி சரி. அந்தப் பெட்டி வராத மாதிரி பண்ணிடுங்க. யார்டுல வேணாம், இனிமே நீங்களே ஓட்டி, சீட்டை அடிச்சு அவங்க கையில கொடுத்துடுங்க.”

“பண்ணிடலாம் சார். ஆனா—”

“ஆனாவெல்லாம் வேணாம். பண்ணிடுங்க.”

மேக்ரோவில் ஒரு கட்டளை உண்டு. பிழை வந்தால் அதைக் கண்டும் காணாமல் அடுத்த வரிக்குப் போ என்று சொல்கிற கட்டளை. இந்த வேலை தெரிந்த யாரும் அதை லேசில் போட மாட்டார்கள். நான் போட்டேன். போட்டுவிட்டுச் சோதித்தும் பார்த்தேன், ஏனென்றால் நான் கவனமானவன். ஏழாம் தொட்டியின் கம்பியைப் பிடுங்கச் சொல்லிவிட்டு ஓட்டினேன். என்ன நடந்தது தெரியுமா? மேக்ரோவின் கையில் அப்போது ஆறாம் தொட்டியின் அளவு இருக்கிறது. ஏழைப் படிக்கப் போகிறது, கிடைக்கவில்லை. நிற்கக் கூடாது என்று சொல்லியாயிற்று. அதனால் கையில் மிச்சமிருக்கிற ஆறாம் தொட்டியின் அளவையே ஏழுக்கும் எழுதிவிட்டு, எட்டுக்குப் போய்விடுகிறது. ஆறு நன்றாக இருந்தால் ஏழும் நன்றாக இருக்கிறது. இறங்கலாம்.

இதைத் தடுக்க ஒரே ஒரு வரி போதும். ஒவ்வொரு தொட்டிக்கும் போவதற்கு முன்னால் கையில் இருப்பதைத் துடைத்துவிடு என்று ஒரு வரி. பேனா மூடியைக் கழற்றுகிற நேரம்கூட ஆகாது. கேட்டிருந்தால் போட்டிருப்பேன். யாராவது வந்து, பெட்டியை எடுத்துவிட்டால் அளவு வராத தொட்டிக்கு என்ன ஆகும் என்று கேட்டிருக்கலாம். ஒருவரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நான் ஒழுங்காகச் செய்து வைத்திருந்த வரைக்கும் திட்டினவர்கள், அதை நான் கெடுத்த பிறகு தோளில் தட்டினார்கள். மேலாளர் எல்லோர் முன்னாலும் என் பெயரைச் சொன்னார். சூப்பர்வைசர் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். முன்பெல்லாம் சந்தேகத்துக்கு ஒரு கைமீட்டரைக் கயிற்றில் கட்டித் தொட்டிக்குள் இறக்கிப் பார்ப்பார்கள். சீட்டு தவறாமல் வர ஆரம்பித்ததும் அதையும் விட்டார்கள். கைமீட்டர் சூப்பர்வைசர் அறையில் காகிதம் பறக்காமலிருக்க வைத்த கல்லாக ஆகிவிட்டது. என் மைத்துனன் படியேறி வந்து என் மேசையில் சாய்ந்துகொண்டு சொன்னான்.

“மாமா, இப்பதான் உங்க எக்செல் மனுஷங்ககூடப் பழகக் கத்துக்கிச்சு.”

நான் காத்திருந்தேன், சார். அதை மறைக்க மாட்டேன். யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று காத்திருந்தேன். ஆறுக்கும் ஏழுக்கும் ஒரே அளவு, புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண் வரைக்கும் ஒரே அளவு, ஒரே தாளில் மேலும் கீழுமாக அச்சாகி வருகிறது. அதன் அடியில் அவர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தடவை, “இது என்ன, ரெண்டும் ஒண்ணா இருக்கே?” என்று கேட்டிருந்தால் போதும். நான் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கியிருப்பேன். அன்றே அந்த வரியைப் போட்டிருப்பேன். அப்படி வந்த நாட்களில் எல்லாம் ஏழாம் தொட்டியில் யாரும் இறங்க வேண்டியிருக்கவில்லை, அல்லது உள்ளே காற்று நன்றாக இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. படிக்காதவர்களுக்கு எவ்வளவு நாள்தான் படித்துக் காட்டுவது?

சம்பவத்தன்று காலையில் சீட்டு வாங்க என் மைத்துனனே வந்தான். என் மேசைக்கு எதிரே, திரைக்குப் பின்பக்கம் நின்றான். தலைக்கவசத்தைக் கழற்றி என் கோப்புகள் மேல் வைத்தான், நான் அதை எடுத்துக் கீழே வைத்தேன். அன்றைக்கு ஏழாம் தொட்டி வழிக்க வேண்டிய நாள் என்று எனக்குத் தெரியும். பலகையில் எழுதியிருந்தது.

“சீக்கிரம் மாமா, வெயில் ஏறுறதுக்குள்ள இறங்கணும்.”

மேக்ரோவை ஓட்டினேன். பிரிண்டர் சத்தம் போட ஆரம்பித்தது.

“என்ன மாமா, பெட்டி எதுவும் வரலையே?” என்று கேட்டுச் சிரித்தான்.

“இல்ல,” என்றேன்.

சீட்டை எடுத்துக் கொடுத்தேன். அவன் அதைச் சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டான். ஆறு, ஏழு, இரண்டும் அவன் கட்டைவிரலுக்கு அடியில்தான் இருந்தன. “சாயங்காலம் வரேன்னு அக்காகிட்ட சொல்லிடுங்க,” என்றான். தலைக்கவசத்தை மறந்துவிட்டுப் போனான். நான் கூப்பிட்டுக் கொடுத்தேன். தலைக்கவசம் இல்லாமல் தொட்டியில் இறங்கக் கூடாது என்பது விதி.

அவனைத் தூக்க இறங்கினவர் பிழைத்துக்கொண்டார் என்று நேற்று சொன்னீர்கள். நல்லது. ஆஸ்பத்திரி வாசலில் என் மனைவி என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “இறங்கலாம்னு உங்க தாள்லதான் போட்டிருந்துதாமே?” என்று கேட்டாள். “தாள்ல அப்படித்தான் இருந்தது,” என்றேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அன்றிலிருந்து அவள் தன் அம்மா வீட்டில் இருக்கிறாள். அவளுக்கும் யாராவது சரியாக விளக்க வேண்டும்.

சரி, அந்த வார்த்தைக்கு வருகிறேன். மேலாளர் பெட்டியை எடுக்கச் சொன்னார், நான் எடுத்தேன் என்று நேற்று சொன்னேன். அது பாதிதான். நான் அவர்கள் கண்ணிலிருந்துதான் எடுத்தேன். என் கணினியில் பெட்டி எப்போதும் போல வந்துகொண்டிருந்தது. முன்போலச் சீட்டைத் தடுக்காது, வந்து சொல்லிவிட்டு நான் ‘சரி’ அழுத்தும் வரை காத்திருக்கும். நான் எழுதின பெட்டி, அதை முழுசாக எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அன்று காலையும் வந்தது. அவன் திரைக்குப் பின்பக்கம் நின்றுகொண்டிருந்தபோது, என் முகத்துக்கு நேராக வந்தது. ‘ஏழாம் தொட்டி: அளவு கிடைக்கவில்லை.’ நான் ‘சரி’ அழுத்தினேன். அதன் பிறகுதான் பிரிண்டர் சத்தம் போட்டது. அதனால் ‘கவனக்குறைவு’ என்பதை அடித்துவிடுங்கள், சார். மற்றவர்களைப் போல நான் பார்க்காமல் அழுத்தவில்லை. இரண்டு வரியையும் முழுசாகப் படித்துவிட்டுத்தான் அழுத்தினேன்.