ரொஷேலின் முடி

என்னது, அக்கா தங்கச்சி ரெண்டு பேருக்கும் ஒரே முடியா? மிஸ் ஓப்பல், இது மட்டும் ரொஷேல் காதுல விழுந்திருந்தா இந்த மேசையிலேயே எழுந்து உக்காந்திருப்பா. ஐயோ, கோவமெல்லாம் இல்ல. நீங்க இவள இன்னிக்குத்தானே பாக்கறீங்க. செத்ததுக்கப்புறம் பாக்கறவங்களுக்கு இதான் இவ முடின்னுதான தோணும்.

கொஞ்சம் இருங்க, தண்ணி தெளிக்காதீங்க. அந்த எண்ணெயையும் இப்பத் தொறக்க வேண்டாம். அம்மா போன்ல என்ன சொல்லியிருப்பாங்கன்னு எனக்குத் தெரியும். லேசா ஈரம் பண்ணு, ரெண்டு சொட்டு எண்ணெய், நெத்தியில ரெண்டு சுருள எடுத்து விடு, துணி கிணி எதையும் கட்டிடாத. அதானே? ம். சாயங்காலம் ஊரே வந்து பாக்கப்போகுது, எம் பொண்ணு தலைய எல்லாரும் பாக்கட்டும்னு வீட்டுக்கு வர்றவங்ககிட்டல்லாம் சொல்லிட்டிருக்காங்க. அத நீங்க செய்யக் கூடாது. அதச் சொல்லத்தான் அம்மாவுக்கு முன்னாடி வந்தேன். ஏன்னு சொல்றேன். கேட்டுட்டு அப்புறம் முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க.

வேண்டாம் வேண்டாம், பை மடியிலயே இருக்கட்டும். கனமில்ல.

ஆமா, ஒரே அப்பா ஒரே அம்மாதான். அதுவும் எல்லாரும் கேக்கறதுதான். சின்னதுல கடைத்தெருவுல யாராவது என்ன நிறுத்தி, இவெட்டு, இது உந்தங்கச்சியான்னு கேப்பாங்க. இவளத் தொடாம கேப்பாங்க. என் தலையில கைய வச்சுக்கிட்டே கேப்பாங்க.

சனிக்கிழமையானா எங்க சுருட்டைய நேராக்க அம்மா அடுப்புல இரும்புச் சீப்பப் போடுவாங்க. உங்களுக்கு நான் சொல்லணுமா. எச்சி தொட்ட விரல சீப்புல வச்சுப் பாப்பாங்க, சொய்ங்னு சத்தம் வரணும். ரேடியோல ஒரு பாட்டு முடியறதுக்குள்ள எனக்கு ஆயிடும். அப்பா வழி முடி, தண்ணி தொட்டாலே படிஞ்சுக்கும். அடுத்தது ரொஷேல். மத்தியானம் பூரா அவ தலைக்கே போயிடும். காத மடிச்சுப் பிடிச்சுக்கோடி, ஆடாதடி, ஆடினா சுட்டுருவேன்னு அம்மா. அவ ஆட மாட்டா. ஆடலன்னாலும் சுடும். இந்தக் காது மேல்பக்கம் கறுப்பா ஒரு கோடு இருக்கணுமே, எங்க? ஓ, பவுடர் போட்டு மறைச்சிட்டீங்களா. நல்லாத்தான் மறைச்சிருக்கீங்க. தெரியவே இல்ல.

இவ்ளோ பாடுபட்டுட்டு ஞாயித்துக்கிழம சர்ச்சு வாசல்ல நாலு சொட்டு மழை விழுந்தா போதும். இந்த லூசியானால மழைக்கு என்ன நேரம் காலம். உள்ள போயி உக்கார்றதுக்குள்ள அவ தலை சுருங்கி எழும்பி நிக்கும். அம்மா திரும்பிப் பாப்பாங்க. மடியில இருக்கற தொப்பியத் தூக்கி அவ தலையில வச்சு அழுத்துவாங்க.

இன்னொண்ணு, சீப்புல வர்ற முடியக் கீழ போட விட மாட்டாங்க. உங்க வீட்லயும் அப்படித்தானா? அதேதான், குருவி எடுத்துட்டுப் போயி கூடு கட்டினா தீராத தலைவலி வரும்னு. பின்வாசப்படி கீழ ஒரு பழைய காபி டின் இருக்கும். அதுல போட்டு எரிச்சிடணும். என் முடி ஒரு சின்ன சுருளா வரும். அம்மா அத விரல்ல சுத்தி, வெளிச்சத்துல பாத்துட்டு, அப்புறம்தான் டின்ல போடுவாங்க. அவ முடி கை நிறைய வரும். அதப் பாக்க மாட்டாங்க. போட்ட உடனே தீக்குச்சி. ரொஷேல் படியில உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா.

அம்மாவ நான் குத்தம் சொல்லல மிஸ் ஓப்பல். ரொஷேலோட தலை அம்மாவோட தலைதான், அச்சு அசலா. எப்படித் தெரியும்னா, அம்மாவோட சின்ன வயசு போட்டோ ஒண்ணு அத்த வீட்டுல பாத்தோம். அம்மா முடிய நேர்ல பாத்ததில்ல. பகல்ல விக்கு, படுக்கறப்போ துணி. ஓட்டல்ல வேலை பாத்தாங்க, கடசி வரைக்கும் துணி துவைக்கிற ரூம்லதான். முன்னாடி மேசையில சாவி குடுக்க நிக்கறவங்கள்ள நம்ம கறுப்பு ஆளுங்களும் உண்டு. ஆனா தண்ணி தொட்டா படியற தலைக்காரங்கதான். ரொஷேல எப்படியாவது அந்த மேசைக்கு முன்னாடி கொண்டு வந்து நிறுத்திடணும்னு அவங்களுக்கு. அதுக்குத்தான் அந்தச் சூடெல்லாம்.

வந்து நின்னா. ஓட்டல்ல இல்ல, ஒரு பல் டாக்டர் கிளினிக் வாசல் மேசையில. அப்பல்லாம் சீப்புக்குப் பதிலா முடிய நேராக்கற க்ரீம் போட ஆரம்பிச்சாச்சு. போடறதுக்கு முன்னாடி தலையச் சொறிஞ்சிடக் கூடாது, சொறிஞ்ச எடத்துல அமிலம் ஊத்தின மாதிரி எரியும். எரிஞ்சாலும் கழுவ விட மாட்டா. இன்னும் கொஞ்சம், இன்னும் பிடிக்கலம்பா. பிடரியில ரத்தத்தோட பொருக்குக் கட்டி தலையணை உறையில ஒட்டிக்கிட்டிருக்கும். எனக்கு அதெல்லாம் தேவையே இல்ல. நானும் போட்டேன், சும்மா, இவ போடறாளேன்னு.

ஒருநாள் போதும்னா. பொருக்கு ஆறவே இல்ல, அதனாலதான்னு சொன்னா. வேற என்னமோ காரணமும் இருந்திருக்கும், சொல்லல. என் வீட்டு பாத்ரூம்ல ரெண்டு பேரும் கண்ணாடி முன்னாடி நின்னு, ஒரே கத்தரிக்கோல்ல, அவ எனக்கு வெட்டினா, நான் அவளுக்கு வெட்டினேன். ஒட்ட வெட்டிட்டு சின்னப் பிள்ளைங்க மாதிரி சிரிச்சோம். பேசின்ல கெடந்த முடிய நான் கூட்டி அள்ளினப்போ, ஏய், அம்மாகிட்ட காட்டாத, டின்னோட வந்துருவாங்கன்னா.

அந்த ஞாயித்துக்கிழம சர்ச்சுக்கு ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போனோம். என்னச் சுத்திக் கூட்டம். இவெட்டு, ராணி மாதிரி இருக்கடி, என்ன எண்ணெய் போடற, எவ்ளோ தைரியம்டி உனக்குன்னு. தைரியமாம். தலைக்குக் குளிச்சிட்டு அப்படியே கெளம்பிப் போனேன், இதுல என்ன தைரியம். அவளச் சுத்தி யாரும் இல்ல. வாசல்ல வெள்ள கையுறை போட்டுட்டு வர்றவங்கள உக்கார வைக்க நிப்பாங்களே, அவங்கள்ள ஒருத்தங்க மட்டும் இவ கையப் பிடிச்சு, மெதுவா, ரொஷேல், உடம்பு சரியில்லயாம்மான்னு கேட்டாங்க. நெஜமான அக்கறையோட. வர்ற வழியில கார்ல அதச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரல.

மேசையா? அதுவும் போச்சு. டாக்டரம்மா ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாங்களாம். வர்றவங்க பயந்த மாதிரி இருக்காங்க, கொஞ்ச நாள் உள்ள ஃபைல் ரூமப் பாத்துக்கோன்னு. நான் இவளப் பாக்க அங்க போனா அதே டாக்டரம்மா, உன் சுருள் எவ்ளோ அழகு, தொட்டுப் பாக்கலாமான்னாங்க. இதத்தான் சொல்ல வர்றேன். நீ ஏன் விட்டுக்குடுக்கற, இயல்பா இருக்கறதுதான அழகுன்னு நம்ம பொண்ணுங்களே பேசறாங்க, வீடியோ போடறாங்க. போடறவ தலையப் பாருங்க, என் தலை மாதிரி இருக்கும். அவளுக்கு அது ஒரு அலங்காரம். இவளுக்கு வேலை போகும்.

க்ரீமுக்குத் திரும்பிப் போயிருக்கலாம். ஆறு மாசத்துல திரும்பினவங்க எத்தன பேரு, நீங்களே பாத்திருப்பீங்க. இவ போகல. ஃபைல் ரூம்லயே இருந்தா. இழுத்தா தோள் வரைக்கும் வரும், விட்டா காது மேல ஏறிக்கும், அவ்ளோ இறுக்கமான சுருட்டை. சனிக்கிழம உக்காந்து, பிரிச்சுப் பிரிச்சு, ஈரமாக்கி, தானே பின்னுவா. அதே சனிக்கிழம, அதே மத்தியானம் பூரா. ஆனா பாடிக்கிட்டே பின்னுவா. சீப்புப் பல்லு ஒடஞ்சா, பாத்தியா, இன்னிக்கும் நாந்தான் ஜெயிச்சேன்னு தூக்கிக் காட்டுவா. வளந்து வட்டமா, இந்த அகலத்துக்கு நின்னுச்சு. கதவுல நொழையறப்போ லேசா தலையக் குனிவா. தேவையே இருக்காது, சும்மா பந்தாவுக்கு.

அப்புறம்தான் இந்த நோவு. கர்ப்பப்பையில. க்ரீமாலதான்னு சிலர் சொல்றாங்க, டாக்டர் தெரியாதுங்கறாரு. எனக்கும் தெரியாது. மருந்து ஏத்த ஆரம்பிச்சா கொட்டிடும்னாங்க. அது கொட்டறதுக்கு முன்னாடி நீ எடுத்துடு இவெட்டுன்னா. குட்டிக் குட்டியாப் பின்னி, ஒவ்வொண்ணுக்கும் அடியில நூலக் கட்டி வெட்டினேன். அம்மா கீழருந்து, முடிச்சிட்டியாடி, டின்ன எடுத்து வச்சிருக்கேன்னு குரல் குடுத்தாங்க. நோயாளி முடி, குருவி கிருவி தூக்கிட்டுப் போனா இன்னும் கெட்டதாம். எரிச்சேன். அம்மா ஜன்னல்லருந்து பாத்துக்கிட்டிருந்தாங்க. வாசன வந்ததும் உள்ள போயிட்டாங்க.

மொட்டைத் தலையோட துணி கட்டிட்டு ஒரு வருசம். அப்புறம் மருந்து நிறுத்தினாங்க, இனிமே பிரயோஜனமில்லன்னு. அப்பத்தான் இது முளைச்சுது. ஆமா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், மருந்துக்கப்புறம் சிலருக்கு வேற மாதிரி முளைக்கும். தொட்டுப் பாருங்க, பட்டு மாதிரி. நீளமா விழற சுருள். அப்பா வழி முடி. அம்மா பாத்துட்டு முட்டி போட்டு அழுதாங்க மிஸ் ஓப்பல். கடைசில கடவுள் உனக்கும் நல்ல முடியக் குடுத்துட்டார்டின்னு. சர்ச்சுலருந்து கூட்டிட்டு வந்து காட்டினாங்க. வந்தவங்கெல்லாம், ரொஷேல், நல்லா இருக்கடின்னாங்க. அவ நல்லா இருந்தப்போ உடம்பு சரியில்லயான்னு கேட்டாங்க. சாகக் கெடக்கறப்போ நல்லா இருக்கன்னாங்க.

தெனமும் அம்மா கட்டில் பக்கத்துல உக்காந்து தலையத் தடவுவாங்க. எனக்கு நெனவு தெரிஞ்சு சீப்பு இல்லாம அம்மா கை அவ தலையில பட்டதே அப்பத்தான். அவ கண்ண மூடிட்டுக் கெடப்பா. தூங்கறான்னு அம்மா நெனச்சுக்குவாங்க. ஒருநாள் அம்மா எழுந்து போனதும் கண்ணத் தொறக்காமயே கேட்டா, இவங்க யார் தலையத் தடவிட்டுப் போறாங்கன்னு.

வேற ஒண்ணும் சொல்லல. நான் பெட்டியில இப்படித்தான் படுக்கணும், அப்படித்தான் படுக்கணும்னெல்லாம் சொல்றவ இல்ல. போன வாரம் மட்டும், அது இருக்கான்னு கேட்டா. இருக்குடின்னேன். சரின்னுட்டா.

எதுவா? இதான். பைய அந்தப் பக்கம் வைங்க, ஈரத்துல இல்ல. தலையணை உறையிலதான் சுத்தி வச்சிருக்கேன். அன்னிக்கு வெட்டின பின்னல், ஒண்ணுவிடாம இருக்கு, நூல் கூட அவுக்கல. விக்கா தச்சுப் போட்டுக்கறேன், வச்சிருன்னா அன்னிக்கு. தைக்கற அளவுக்குத் தெம்பு வரவே இல்ல. அன்னிக்கு டின்ல எரிஞ்சது என் முடி. பின்னாடியிருந்து ஒரு கைப்பிடி வெட்டிப் போட்டேன். எரிஞ்சா எல்லா முடிக்கும் ஒரே நாத்தம்தான். அம்மாவுக்கு வித்தியாசம் தெரியல.

பிரிச்சு சீவினா பழைய மாதிரி நிக்குமா? வலைத்தொப்பில தச்சா போதும்னு நெனக்கறேன். பின்பக்கம் தலையணை மறைச்சிடும், முன்னாடியும் பக்கவாட்டுலயும் நின்னா போதும். காது மேல அந்தப் பவுடர மட்டும் தொடச்சிடுங்க. அம்மா சத்தம் போடுவாங்க, ஆமா. சவப்பெட்டி முன்னாடியே போடுவாங்க. நான் வாசல்லயே நிக்கறேன், மொதல்ல எங்கிட்ட போடட்டும். உங்களக் கேட்டா இவெட்டுதான் பண்ணச் சொன்னான்னு சொல்லுங்க.

சரியா? சரி. தேங்க்ஸ் மிஸ் ஓப்பல். கத்தரிக்கோல் குடுங்க, இந்தப் புது முடிய நானே வெட்டறேன், எனக்குப் பழக்கம்தான். தலையக் கொஞ்சம் தூக்கிப் பிடிச்சுக்கங்க. தொப்பி உக்கார்ற அளவுக்கு ஒட்ட எடுத்துடலாம்.

கீழ போட்டுடாதீங்க. காகிதம் ஏதாவது இருக்கா, அதுல வைங்க, கசங்காம. அம்மாகிட்டக் குடுக்கணும். இத எரிக்க மாட்டாங்க.