மணி அடிக்கும்வரை

கரவெட்டிப் பக்கம் போகிற பஸ்ஸில் எனக்கு முன் சீற்றில் இரண்டு ஆசிரியைகள்.

“வகுப்பு சத்தமில்லாமல் இருந்தா எனக்கு இப்ப நெஞ்சு பதறுது, அக்கா” என்றாள் இளையவள்.

“உம்மடை வகுப்பைப் பாத்துப் பழகச் சொல்லி அதிபர் எங்களுக்கெல்லோ சொன்னவர்?”

“ஓம். மணி அடிக்கும்வரை வாய் திறக்கப்படாதெண்டு பழக்கி வச்சிருந்தன். போன கிழமை ஒரு பிள்ளையின்ரை சப்பாத்துக்குள்ளை தேள். கொட்டினாப் பிறகும் அசையாமல் இருந்திருக்குது. மணி அடிச்சாப் பிறகுதான் நொண்டிக்கொண்டு வந்து காலைக் காட்டினது.”

“ஐயோ! இப்ப எப்பிடி?”

“தப்பீட்டுது. ஆசுப்பத்திரிக்குப் பாக்கப் போனனான். என்னைக் கண்டதும் கட்டிலிலை நிமிர்ந்து இருந்து கேக்குது: ‘ரீச்சர், நான் சத்தமா அழேல்லைத்தானே?’”